ஏலத்துல வாங்குறவங்களை நம்ம சொந்த வெப்சைட்டுக்குக் கொண்டு வர்றது எப்படி? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

#1 நாணயப்பெட்டி (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். பழைய தென்னாப்பிரிக்க நாணயங்களும், அதுகளைப் பாதுகாக்கிற ஆல்பம், கேப்சூல், அட்டை உறை மாதிரி சாமான்களும் ஆன்லைன் ஏலத்துல வித்துட்டிருக்கேன். வாங்குறவங்கள்ல பாதிக்கு மேல பழைய ஆளுங்க. ஐடியைப் பார்த்ததும் இவர் க்ரூகர் காலத்து (1890கள்ல டிரான்ஸ்வால் தலைவரா இருந்தவர்) வெள்ளி தேடுறவர், அவர் நாடு குடியரசாகுறதுக்கு முந்தின யூனியன் காலத்து பென்னியை வருஷவாரியா அடுக்குறவர்னு சொல்லிடுவேன். அவங்க எத்தனை தடவை திரும்பி வந்தாலும் முதல் தடவை வந்த மாதிரியே கமிஷன் போகுது.

கணக்குக்காக ஒரு உதாரணம்: 400 ராண்ட் சாமான். கமிஷன் 10 சதவீதம்னு வச்சுக்கிட்டா 40 ராண்ட். அதே ஆள் என் வெப்சைட்டுல கார்டுல கட்டினா, பணத்தை வாங்கித் தர்ற கேட்வே கம்பெனிக்கு 3 சதவீதம்னு 12 ராண்ட். மிச்சம் 28 ராண்ட் இருந்தா கூரியர் செலவுல ஒரு பங்கை நான் ஏத்துக்கலாம், வாங்குறவருக்கும் லாபம்.

டொமைன் பேர் எடுத்தாச்சு, கடையும் ஓரளவு கட்டியாச்சு. ஆளுங்களை எப்படி அங்கே கூப்பிடுறது? ஏலத்தளத்தோட விதியையும் மீறக் கூடாது, இத்தனை நாள் நம்பி வாங்கினவங்களுக்குத் தொந்தரவாவும் இருக்கக் கூடாது.

#2 மெரிபேங்க் தம்பி

அண்ணா, இதுல யோசிக்க என்ன இருக்கு? ஏலம் நடக்கும்போதே ஆர்வமா கேட்கிறவங்களுக்கு மெசேஜ் போடுங்க. "இதே காசு என் வெப்சைட்டுல 10 சதவீதம் கம்மி"ன்னு சொன்னா யாரு வரமாட்டாங்க? நான் போன் உதிரி பாகம் விக்கிறேன், இந்த யோசனை ரொம்ப நாளா மனசுல ஓடுது.

#3 லெனேசியா அக்கா

தம்பி, அந்த வழி வேண்டாம்பா. விதிக்குப் பயந்து மட்டும் சொல்லல. ஓடிட்டிருக்கிற ஏலத்துல இருந்து ஆளை வெளியே இழுத்தா, அந்த ஏலத்துல கை தூக்கினவங்க எல்லாருக்கும் அது துரோகம். ஏலத்தளம் வாங்குறவருக்குக் கொடுக்கிற பாதுகாப்பும் அவருக்குப் போயிடுது. பிரச்சனைன்னா யார்கிட்ட போவார்? ஈபே மாதிரி இடத்துல இது நேரடியாத் தடை. அங்கே கிடைச்ச ஈமெயில், போன் நம்பரை வச்சு வெளியில விக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்காங்க. கணக்கையே மூடிடலாம்.

நாணயப்பெட்டி அண்ணா, என் வியாபாரம் பித்தளை விளக்கும் பூஜை சாமானும். நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: முதல் விற்பனை ஏலத்தளத்தோடது, ரெண்டாவது விற்பனைக்குத்தான் நாம ஆசைப்படலாம். அந்த ஆளை நம்ம முன்னாடி கொண்டு வந்து நிறுத்தினது அவங்க. அதுக்கு அவங்க கமிஷனை முழுசா, முணுமுணுக்காம கொடுத்துடணும். அதுக்கப்புறம் பார்சல் எப்படிக் கட்டினோம், கேட்ட கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னோம்ங்கிறதெல்லாம் நம்ம சம்பாத்தியம்.

இன்னொண்ணு. எல்லாச் சாமானையும் நகர்த்தப் பார்க்காதீங்க. ஒரு வீட்டுல நல்ல குத்துவிளக்கு வாங்கினா அடுத்த தலைமுறை வரைக்கும் வேற வாங்க மாட்டாங்க. திரி, கற்பூரம், சாம்பிராணி மாசாமாசம் வேணும். புரட்டாசி வந்தா இன்னும் அதிகம், காவடி சமயத்துல சொல்லவே வேண்டாம். விளக்கு ஏலத்துலயே இருக்கட்டும், அது ஆளைக் கூட்டி வரும். திரிக்கு என் வெப்சைட்டுக்கு வர்றாங்க. டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுல முதல் தடவை கூட்டத்தோட கூட்டமா வர்றவர், மசாலா பிடிச்சுப் போச்சுன்னா அடுத்த தடவை நேரா அந்த ஸ்டாலுக்கே போறார் இல்லையா, அதுபோலத்தான். உங்களுக்கு அந்தத் திரி எது? கேப்சூலும் அட்டை உறையும்தானே?

#4 நாணயப்பெட்டி (டர்பன்)

அக்கா, இது எனக்குத் தோணவே இல்ல. காசைத்தான் நகர்த்தணும்னு நினைச்சிட்டிருந்தேன். உண்மையில, சேர்க்கிறவர் ஒரு காசு வாங்கினா அதுக்குக் கேப்சூல், ஆல்பம் தாள், பருத்திக் கையுறைன்னு வாங்கிட்டே இருப்பார். அதை ஏலம் விடுறதுல அர்த்தமே இல்ல, விலை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

#5 ஃபீனிக்ஸ் கணக்கர்

சட்டப் பக்கம் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை.

முதலாவது போப்பியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அது 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. மின்னஞ்சல், எஸ்எம்எஸ் வழியாக விளம்பரம் அனுப்புவது பற்றி அதன் 69-ஆம் பிரிவு பேசுகிறது. முன்பின் தெரியாதவருக்கு அவர் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது. சம்மதம் கேட்டு அவரை ஒரு முறைதான் அணுகலாம். மறுத்துவிட்டால் மறுபடி கேட்கக் கூடாது. ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர் என்றால் அதே வகைப் பொருளைப் பற்றி அனுப்பலாம். ஆனால் முகவரி வாங்கும்போதும், பிறகு ஒவ்வொரு கடிதத்திலும், "வேண்டாம்" என்று செலவில்லாமல் சொல்ல அவருக்கு வழி இருக்க வேண்டும்.

ஏலத்தளத்திலிருந்து வந்த முகவரிகளை மொத்தமாக இறக்கி ஒரே நாளில் கடிதம் தட்டிவிடுவது இந்த விதிவிலக்கில் அடங்கும் என்று நினைக்காதீர்கள். அந்த முகவரி பொருளை அனுப்பி வைக்கக் கொடுக்கப்பட்டது. மறுக்கும் வாய்ப்பு அவருக்கு அப்போது தரப்படவில்லை. தளத்தின் ஒப்பந்தமும் தனியாகத் தடுக்கும். இந்தச் சட்டத்தின் கீழ் அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். சிறு வியாபாரி மீது அந்த அளவு விழுமா என்பது வேறு விஷயம். ஆனால் தகவல் ஒழுங்காணையத்துக்குப் புகார் போனாலே உங்கள் நேரமும் பெயரும் போகும்.

இரண்டாவது, 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம். இங்கே ஏலத்துக்கும் கடைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 44-ஆம் பிரிவின்படி, இணையத்தில் வாங்கியவர் பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் அவருடையது. ரத்து செய்த 30 நாளுக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். ஏலத்தில் விற்ற பொருளுக்கு இந்த உரிமை கிடையாது. 42-ஆம் பிரிவு அதை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் வெப்சைட்டுக்கு ஒருவர் நகர்ந்த கணமே, இதுவரை நீங்கள் சந்திக்காத ஒரு பொறுப்பு உங்கள் மேல் ஏறுகிறது. கமிஷன் மிச்சம் என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

மூன்றாவது, அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவு. முழுப்பெயர், உண்மையான முகவரி, தொலைபேசி, மொத்த விலை, திருப்பும் விதிமுறை எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

#6 டோங்காட் புடவை

கணக்கர் சார், ஒரு சந்தேகம். ஏலத்தளத்துலயே "இப்பவே வாங்கு" பட்டன் போட்டு நிலையான விலைக்கு வித்தா? அதுவும் ஏலக் கணக்குல வருமா?

#7 ஃபீனிக்ஸ் கணக்கர்

என் வாசிப்பில் வராது. போட்டி கேட்பே இல்லாதபோது அதை ஏலம் என்று சொல்ல முடியாது. நிலையான விலை என்றால் 7 நாள் உரிமை உண்டு என்றே எடுத்துக்கொண்டு நடங்கள், வம்பு இல்லை.

#8 நாணயப்பெட்டி (டர்பன்)

சார், இந்த 7 நாள் விஷயம் என் வியாபாரத்துல ரொம்ப முக்கியம். புடவையை மடிச்சுத் திருப்பினா அதே புடவைதான்னு தெரியும். காசு அப்படி இல்ல. நான் அனுப்பின காசை வச்சுக்கிட்டு வேற தேய்ஞ்ச காசைத் திருப்பினா நிரூபிக்கணுமே!

அதுக்காக இப்பவே ஒரு பழக்கம் ஆரம்பிச்சிட்டேன். 1892 க்ரூகர் ஐந்து ஷில்லிங் ஒண்ணு கையில இருக்கு. தராசுல வச்சு எடையைப் படத்தோட பதிவு பண்றேன். அது 28.28 கிராம் இருக்கணும், தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம். முன்பக்கம், பின்பக்கம், அப்புறம் விளிம்பைச் சுத்தி நாலு படம். க்ரூகர் தாடிக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கீறல், அதைச் சாய்வான வெளிச்சத்துல தனியா ஒரு படம். அந்தக் கீறல்தான் அந்தக் காசோட கைரேகை. கேப்சூலை உடைச்சா தெரியுற மாதிரி ஒரு ஸ்டிக்கர். நாணயத்துக்குத் தரம் போடுற என்ஜிசி கம்பெனி தரம் போட்டு மூடின காசுன்னா கவலையே இல்ல, சான்றிதழ் எண்ணை அவங்க தளத்துலயே வாங்குறவர் சரிபார்த்துக்கலாம்.

இதெல்லாம் செய்ய ஒரு காசுக்கு அரை மணி நேரம் ஆகுது. விலையுள்ள காசுக்குச் சரி, சில்லறைக் காசுக்குக் கட்டாது.

#9 கேப் டவுன் நிரலர்

அண்ணா, நீங்க இப்ப எழுதினதை அப்படியே அந்தக் காசோட பக்கத்துல போடுங்க. ஏலத்துல ரெண்டு வரி விவரம், நாலு படம், முடிஞ்சது. அந்த 1892 காசுல இருக்கிற வண்டிப் படத்துல ஒத்தை ஏர்க்கால், ரெட்டை ஏர்க்கால்னு ஒரு கதை உண்டாமே, அதை எழுதியிருக்கீங்களா?

#10 நாணயப்பெட்டி (டர்பன்)

ஆமா, அது நல்ல கதை. முதல் அச்சு பெர்லின்ல ஆச்சு. காசோட கேடயச் சின்னத்துல இருக்கிற மாட்டுவண்டிக்கு அங்கே ஜெர்மன் வண்டி மாதிரி ரெண்டு ஏர்க்கால் போட்டுட்டாங்க, சக்கரமும் எல்லாம் ஒரே அளவு. இங்கே குடியேறின டச்சு வம்சத்துப் போயர்களோட வண்டிக்கு நடுவுல ஒரே ஏர்க்கால், முன்சக்கரம் பின்சக்கரத்தை விடச் சின்னது. தப்பு தெரிஞ்சதும் அச்சைத் திருத்தினாங்க. அதனால 1892-ல ரெண்டு வகையும் இருக்கு. ஐந்து ஷில்லிங் அந்த ஒரு வருஷம்தான் வந்தது, அதுக்கப்புறம் அடிக்கவே இல்ல. லென்ஸ் வச்சு முன்சக்கரத்தைப் பார்த்தா எந்த வகைன்னு சொல்லிடலாம்.

#11 கேப் டவுன் நிரலர்

இதைத்தான் சொல்றேன். முன்சக்கரத்தைப் பெருசாக் காட்டி, ரெண்டு வகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு பக்கம் எழுதுங்க. வேற கடையில வாங்கின காசைச் சரிபார்க்கக் கூட ஆளுங்க உங்ககிட்ட வருவாங்க. ஏலத்தளத்துல எழுதினா, ஏலம் முடிஞ்சதும் அந்தப் பக்கம் ஆழத்துல போயிடும், அதுல போட்ட உழைப்பும் கூடவே போயிடும். உங்க வெப்சைட்டுல எழுதினா கூகுள்ல நிக்கும். ஆளுங்களை "வாங்க, வாங்க"ன்னு கூப்பிடுறதை விட, வர்றதுக்கு ஒரு காரணத்தை அங்கே வைக்கிறது மேல்.

இன்னொரு பக்கம் கட்டாயம் எழுதுங்க: 2008 மண்டேலா 90-ஆவது பிறந்தநாள் 5 ராண்ட். அது எவ்வளவுக்குப் போகும்னு தேடாத ஆள் இந்த நாட்டுல இல்ல.

#12 நாணயப்பெட்டி (டர்பன்)

தம்பி, அதைக் கேட்டு எனக்கு வர்ற மெசேஜுக்கு அளவே இல்ல. ஆயிரக்கணக்குல கிடைக்கும்னு யாரோ சொல்லி, பாட்டிங்க எல்லாம் டப்பாவுல சேர்த்து வச்சிருக்காங்க. லட்சக்கணக்குல அச்சாகி கையில புழங்கின காசு அது. புழங்கின நிலையில முகமதிப்புக்கு மேல பெருசா ஒண்ணும் இல்ல. அவங்ககிட்ட அதைச் சொல்றப்போ கஷ்டமா இருக்கும். ஆனா அதை எழுதினா விக்க நினைக்கிறவங்கதானே வருவாங்க, வாங்குறவங்க வர மாட்டாங்களே?

#13 லெனேசியா அக்கா

அதுதான் நல்லது அண்ணா! நல்ல சரக்கு கிடைக்காமத்தானே எல்லாரும் திண்டாடுறோம். மண்டேலா காசைக் கேட்டு வர்றவங்க வீட்டுல அதே டப்பாவுல தாத்தா காலத்து வெள்ளி ஷில்லிங் கிடக்கும். உண்மை விலையை நேர்மையாச் சொன்ன ஆளுக்குத்தான் அதைக் காட்டுவாங்க. என் வெப்சைட்டுல "பழைய பித்தளை இருந்தா படம் அனுப்புங்க"ன்னு ஒரு பட்டன் வச்சிருக்கேன். ஏலத்தளத்துல அதுக்கு இடமே இல்ல. எனக்கு வர்ற நல்ல விளக்கெல்லாம் அந்த வழியாத்தான் வருது.

#14 மெரிபேங்க் தம்பி

அக்கா சொன்னது புரிஞ்சது, நடு ஏலத்துல மெசேஜ் போடுற யோசனையை விட்டுட்டேன். ஆனா வெப்சைட்டுக்கு இவ்வளவு பாடுபடுறதுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் போதாதா? எல்லாரும் அதுலதான் இருக்காங்க. படம் போட்டா பத்து நிமிஷத்துல போயிடும்.

#15 நாணயப்பெட்டி (டர்பன்)

குரூப் என் தொழிலுக்கு ஆகாது தம்பி. குரூப்ல இருக்கிறவங்க நம்பர் எல்லாருக்கும் தெரியும். வீட்டுல தங்க பவுண்ட் வச்சிருக்கிற ஒருத்தர், தன் நம்பர் முகம் தெரியாத நூறு பேருக்குப் போறதை விரும்புவாரா? இந்த நாட்டுல அது விளையாட்டு இல்ல. என்கிட்ட வாங்குறவங்கள்ல சிலர் பார்சல் மேல "நாணயம்"ங்கிற வார்த்தையே இருக்கக் கூடாதுன்னு சொல்றவங்க. அவங்க பயம் நியாயமானது, அதைக் காப்பாத்துறது என் கடமை.

#16 கேப் டவுன் நிரலர்

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டுல (ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மெசேஜ் போற வசதி) நம்பர் தெரியாது. ஆனா ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதுவும் உங்க நம்பரைத் தன் போன்ல சேமிச்சவங்களுக்கு மட்டும்தான் போகும். வாட்ஸ்அப்பும் இன்னொருத்தர் இடம்தான், நாளைக்கு விதி மாறினா நம்ம ஆளுங்க மறுபடி அவங்க கையில. ஈமெயில் முகவரி உங்க கோப்புல இருக்கும். பார்க்கப் பழசா இருந்தாலும் நிலையானது அதுதான்.

#17 டோங்காட் புடவை

அக்கா, பார்சல்ல சீட்டு வைப்பீங்களா? என்ன எழுதுவீங்க?

#18 லெனேசியா அக்கா

வைப்பேன்மா. முதல்ல என் ஏலத்தளத்தோட ஒப்பந்தத்தை உட்கார்ந்து படிச்சேன். பார்சல்ல என்ன வைக்கலாம்னு ஒவ்வொரு தளத்துக்கும் விதி வேற. அனுமதி இல்லன்னா வைக்காதீங்க, பில்லுல கடைப் பேர் மட்டும் போதும். பேர் நல்லா இருந்தா அவங்களே தேடி வருவாங்க.

என் சீட்டுல விளம்பரம் கிடையாது. விளக்கை எப்படித் துலக்குறது, புளி எவ்வளவு, எத்தனை நேரம், அதுக்கப்புறம் ஈரம் போகத் துடைக்கலன்னா கறுத்துப் போகும், இதைத்தான் எழுதியிருக்கேன். அடியில கடைப் பேரும் வெப்சைட்டும். அந்தச் சீட்டை யாரும் குப்பையில போடுறதில்ல, பூஜை அலமாரிக்குள்ள ஒட்டி வச்சிருக்கிறதைப் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. "10 சதவீதம் தள்ளுபடி"ன்னு எழுதினா ஒரு தடவை வருவாங்க. துலக்குற முறையை எழுதினா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நம்ம பேர் அவங்க கண்ணுல படும்.

பேர் கொடுக்க விருப்பமா இருந்தா வெப்சைட்டுல ஒரு பெட்டியில டிக் போடணும். டிக் போட்டவங்களுக்கு மட்டும் கடிதம். பட்டியல் மெதுவாத்தான் வளருது, ஆனா அதுல இருக்கிறவங்க உண்மையிலேயே வாங்குறவங்க.

#19 டோங்காட் புடவை

பணம் வாங்குறதுலதான் எனக்குப் பயம். ஏலத்தளம் இருந்தா நடுவுல அவங்க இருக்காங்க. என் சொந்தப் பக்கத்துல ஒருத்தர் பேங்க் ரசீதுப் படம் அனுப்பினார், நம்பி புடவையை அனுப்ப இருந்தேன். மகள்தான் கணக்கைப் பாருங்கம்மான்னு நிறுத்தினா. பணம் வரவே இல்ல, ரசீது போலி.

#20 ஃபீனிக்ஸ் கணக்கர்

ரசீதுப் படத்தை ஒருபோதும் நம்பாதீர்கள் அம்மா. வங்கிக் கணக்கில் பணம் நின்றால்தான் பார்சல். வேறு வங்கியிலிருந்து வரும் சாதாரண இஎஃப்டிக்கு (இணைய வங்கிப் பணமாற்றம்) ஓரிரு நாள் ஆகும், அந்த இடைவெளியைத்தான் ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். 2023 மார்ச்சில் வந்த பேஷாப் என்கிற உடனடிப் பணமாற்றத்தில் உடனே வந்துவிடும். அதையும் உங்கள் வங்கிச் செயலியில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும், அவர் அனுப்பும் செய்தியில் அல்ல. பேஃபாஸ்ட், யோகோ, ஓஸோ போன்ற கேட்வே வைத்தால் பணம் வந்தது என்று உங்கள் டாஷ்போர்டிலேயே காட்டும்.

#21 மெரிபேங்க் தம்பி

கடைசியா ஒரு கேள்வி. வெப்சைட்டுலயே ஏலம் விட்டா? அதுக்குப் பிளகின் எல்லாம் இருக்கே.

#22 நாணயப்பெட்டி (டர்பன்)

வேண்டாம்னு நினைக்கிறேன் தம்பி. விலை தெரியாத சாமானுக்குத்தான் ஏலம், ரெண்டு பேராவது விடாப்பிடியா மோதினாத்தான் அதுல விலை பிறக்கும். அவ்வளவு கூட்டம் என் வெப்சைட்டுக்கு வராது. ஒரு ராண்டுல ஆரம்பிச்ச அபூர்வக் காசு ஒத்தை ஆளோட நின்னு போனா எனக்கும் நஷ்டம், என்னை நம்பிக் காசைக் கொடுத்தவருக்கும் நஷ்டம். ஏலத்தளத்துல கொடுக்கிற கமிஷன் அந்தக் கூட்டத்துக்கான விலை. அந்த வேலைக்கு அது நியாயமான விலைதான்னு இப்போ தோணுது.

#23 ஃபீனிக்ஸ் கணக்கர்

சட்டமும் இடிக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவும் அதன் விதிமுறைகளும் ஏலம் நடத்துபவருக்குத் தனிக் கடமைகளை வைத்திருக்கின்றன. உதாரணமாக, விற்பவர் தன் பொருளுக்குத் தானே கேட்பு வைக்கும் உரிமை வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை வைத்து விலை ஏற்றுவதெல்லாம் நடக்காது.

#24 நாணயப்பெட்டி (டர்பன்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்படித்தான் செய்யப் போறேன்: அபூர்வக் காசெல்லாம் ஏலத்துலயே இருக்கும். கேப்சூல், ஆல்பம், கையுறை, விலை நிலையான சாதாரண யூனியன் காசுகள் வெப்சைட்டுக்கு. 1892 பக்கமும் மண்டேலா 5 ராண்ட் பக்கமும் இந்த வாரமே எழுத ஆரம்பிக்கிறேன். காசைத் துணியால துடைக்காதீங்க, விளிம்பைப் பிடிச்சுத் தூக்குங்கன்னு ஒரு பராமரிப்புச் சீட்டு அச்சடிக்கணும், ஒப்பந்தத்தைப் படிச்சிட்டு வைக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றேன்.

ஒண்ணு மட்டும் பாக்கி. கேப்சூல் மாதிரி சின்ன ஆர்டருக்கு வீட்டு வாசல் கூரியர் சாமான் விலையை விட அதிகமா வருது. யாராவது பேக்ஸி, புடோ மாதிரி, வாங்குறவரே போய் எடுத்துக்கிற பார்சல் சேவையைப் பயன்படுத்துறீங்களா?

#25 லெனேசியா அக்கா

ரெண்டும் வச்சிருக்கேன். வயசானவங்க பெப் கடையில போய் வாங்கிக்க பேக்ஸியைத் தேர்வு பண்றாங்க, கவுண்டர்ல ஆள் இருக்கிறது அவங்களுக்கு வசதி. வேலைக்குப் போறவங்களுக்கு புடோ லாக்கர், வர்ற வழியில திறந்து எடுத்துக்குவாங்க. செக்அவுட்ல ரெண்டையும் காட்டி, வீட்டுக் கூரியரை மூணாவதா வைங்க. விலையுள்ள காசு மட்டும் காப்பீட்டோட வீட்டு வாசலுக்கு, கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கணும்னு கட்டாயமாக்கிடுங்க.